டீமேக்கரின் குடையும் என் கரண்ட் கிட்டாரும்

கண்டியில் மழைக்குப் பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். நல்ல வெயிலில் நின்றுகொண்டு நாளைய மழையை நினைத்து வியர்த்தவர் எங்கள் டீமேக்கர் ஒருவர்தான்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். நான் டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை பார்த்தேன். அவர் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கராக இருந்துவிட்டு, டவுனில் ஒரு தேயிலைக் கிடங்குக்கு மேற்பார்வைக்கு வந்திருந்தார். ஒரே போடிங் வீட்டில் அடுத்தடுத்த அறை. அவருடைய பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

தேயிலையில் ஈரம் ஏறினால் சரக்கு போயிற்று. அந்தப் பயத்தை அவர் தோட்டத்தில் விட்டுவிட்டு வரவில்லை. பாண் ரொட்டியை முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். தலையணையை முகர்ந்துவிட்டுத்தான் படுப்பார். ஒருமுறை மாதா கோயில் பங்குச் சாமி ஆசீர்வதிக்க நீட்டிய கையை முகர்ந்து, "தீர்த்தத் தொட்டியில கை வச்சீங்களா சாமி?" என்று கேட்டிருக்கிறார்.

குடை எப்போதும் கையில் இருக்கும். மழை வந்தால் அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஏதாவது கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கிவிடுவார். விரித்தால் குடை நனைந்துவிடுமாம். நனைந்த குடையை அறைக்குள் கொண்டுவந்தால் அறை முழுக்க ஈரம் ஏறிவிடுமாம். அவர் குடை விரித்து யாரும் பார்த்ததில்லை.

என் தொல்லை வேறு. எனக்குச் சத்தம் வராது. கடையில் விலை சொன்னால்கூட ஆட்கள் இரண்டு தரம் கேட்பார்கள். இரவல் கிட்டார் ஒன்றில் நான் ஏதோ தட்டிப் பழகுவதாக யாரோ சாமியிடம் சொல்ல, அவர் கோயில் திருநாள் கச்சேரியில் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சாமி சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஒத்திகையில் நான் பாட்டை முழுவதும் வாசித்து முடித்தேன். பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர், எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பாட்டுக்காரப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பு கூசிவிட்டது. திருநாளன்றும் இப்படி நடந்தால் அந்தக் கோயில் வாசலை இனி மிதிக்க முடியாது என்று சோறு இறங்காமல் கிடந்தேன்.

அப்போதுதான் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் பழைய சாமான் கடையொன்றுக்கு வந்திருந்தன. அவற்றில் ஒரு கரண்ட் கிட்டாரும் இருந்தது. மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் ஒரு இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பது. பக்கத்தில் ஒரு பெட்டி. சத்தம் அதன் வாயால் வருமாம். தனியே போகக் கூச்சப்பட்டு டீமேக்கரைக் கூட்டிப் போனேன். ஒரு காலத்தில் மெண்டலின் வாசித்தவர் என்று கேள்வி. அது புசல்லாவைப் பனியில் உப்பிச் செத்துப்போனதாம்.

கடைக்காரர் அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர். முதலில் ஒரு மரக் கிட்டாரைக் காட்டினார். டீமேக்கர் அதன் வட்ட ஓட்டைக்குள் மூக்கை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இவரு கிட்டார் வாங்க வந்தாரா, மோந்து பாக்க வந்தாரா?" என்று நானா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

மரக் கிட்டார் தோற்றது. கரண்ட் கிட்டாரில் ஓட்டையே இல்லை. டீமேக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூச்சு விட வழியில்லாத சாமான் தம்பி. உள்ள என்ன ஈரம் இருக்கோ, யாரு கண்டா? ஈரமும் கரண்டும் சேந்தா ஆளு மிஞ்சாது."

ஆனாலும் எனக்காகப் பார்த்தார். புதிதாகப் பழகுகிறவனுக்குத் தடித்த கம்பி வேண்டாம், விரல் போய்விடும் என்று மெல்லிய கம்பி போடச் சொன்னார். இருந்த இரும்புத் துண்டுகளில் என் கைக்கு அடங்கியதைத் தேடி எடுத்தார். பெட்டியோடு காதை வைத்து, இரைச்சல் குறைவுதான் என்றார். வாங்கினோம்.

திருநாளுக்கு முதல் நாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் கிட்டார் மட்டும் இருந்தது. பெட்டியைக் காணோம். கிடங்கில் ஈரம் ஏறிய தேயிலைக்குச் சூடு காட்டும் அறை ஒன்று உண்டு. டீமேக்கர் பெட்டியைக் கொண்டுபோய் அதில் வைத்திருந்தார். கொழுந்தை வாட்டாமல் தேயிலை ஆக்க முடியுமா, இதுவும் அப்படித்தான் என்றார்.

பெட்டியின் வாயில் இருந்தது ஒரு காகிதக் கூம்பு. அது அப்பளமாகக் காய்ந்து ஓர் ஓரம் வெடித்திருந்தது. கிட்டாரை மீட்டினால் தகர டப்பாவில் கல் உருட்டின மாதிரி சத்தம். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய், கிடங்கில் தேயிலைப் பெட்டிகளுக்கு விலாசத் துண்டு ஒட்டும் கோதுமைமாப் பசையை ஒரு சிரட்டையில் கொண்டுவந்தார். ஈரப் பசை. மெல்லிய தாளைக் கிழித்துப் பசையில் தோய்த்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வெடிப்பின்மேல் ஒட்டினார். பாம்பைத் தொடுகிறவர்போல இருந்தது. விடியும்வரை காய்ந்துவிட்டதா என்று சுவரைத் தட்டி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

திருநாளன்று மாலை பிடித்த மழை விடவில்லை. பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கதிரையில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தேன். அத்தனை கண்களும் என்மேல். முதல் கம்பியைத் தொடவே முடியவில்லை. முன் வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கியது கேட்டது.

அப்போது டீமேக்கர் மேடையில் ஏறினார். என் பக்கத்தில் வந்து நின்று, கோட்டுக்குள்ளிருந்து குடையை எடுத்து, மண்டபத்துக்குள், அத்தனை பேருக்கு முன்னால் விரித்தார்.

"கூரை ஒழுகுது. நீங்க வாசிங்க தம்பி."

ஊரே அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. போடிங் அம்மா எழுந்து நின்று பார்த்தார். சாமி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். டீமேக்கர் எனக்கும் பெட்டிக்கும் மேலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு, காவல்காரர் மாதிரி அசையாமல் நின்றார். என்னைப் பார்க்க ஆளில்லை. வாசித்தேன். ஒட்டுப்போட்ட பெட்டி கொஞ்சம் தொண்டை கட்டினதுபோலப் பாடியது. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிற்று. முடிந்தபோது கடைசி வாங்கிலிருந்தும் கை தட்டினார்கள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. அவர் பெட்டியைச் சுமந்தார். குடையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் பழக்கம் எனக்கும் தொற்றியிருக்க வேண்டும். பின்னால் நடந்தபடி குடைத் துணியைத் தடவி முகர்ந்து பார்த்தேன்.

ஒரு சொட்டு ஈரம் இல்லை.