ஒண்ணுமில்லைக்காரரும் ஒரு பாட்டில் சாக்கடையும்

காய்ச்சல் வருகிற மனிதர்கள் இரண்டு வகை. வந்தால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, பாவம், தூங்கட்டும். இரண்டாவது வகைதான் ஒண்ணுமில்லைக்காரர். கண் இரண்டும் சிவந்து, மூக்கு குழாயாக ஒழுகி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற நேரத்தில், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கா? ஒண்ணுமில்லையே. லேசா தூசி" என்பார். ஊரில் உள்ள தூசி மொத்தமும் இவர் மூக்கின் விலாசத்தை விசாரித்துக்கொண்டுதான் வருகிறதோ என்னவோ.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோருக்கும் வியர்க்கும்போது இவர் மட்டும் ஃபேனை நிறுத்துவார்; கேட்டால், சத்தம் போடுகிறதாம். தும்மலைப் பாதியில் பிடித்துக் கொட்டாவியாக மாற்றிவிடுவார். மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டீர்களா? அது விட்டமின்.

இந்த வகை எல்லா அலுவலகத்திலும் இரண்டு பேராவது உண்டு. ஆனால் எனக்கு வாய்த்தவர் அபூர்வப் பிறவி. ஏனென்றால், அடுத்தவர் வியாதியைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம்!

என் எதிர்வீட்டுக்காரர். கட்டடத்தில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை, சாக்கடை டாக்டர். மேன்ஹோலுக்குள் ஒரு பெட்டியை இறக்கி வைப்பார். அது கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாய் கழிவுநீரை உறிஞ்சி பாட்டிலில் சேர்க்கும். மறுநாள் அந்த பாட்டில் ஐஸ் டப்பாவில் ஆய்வுக்கூடம் போகும். அங்கே அதை வடிகட்டி, சுழற்றி, கிருமியின் துணுக்குகளை எண்ணி, கூடினால் ஏறுகிற, குறைந்தால் இறங்குகிற ஒரு கோடு போடுவார்கள். நாம் மறைத்ததையெல்லாம் நம் கழிவறை அங்கே போய் ஒப்புவித்துவிடுகிறது. முன்பு போலியோவை மட்டும் தேடினார்களாம், அப்புறம் கொரோனா, இப்போது ஃப்ளூ, எந்த மருந்துக்கும் மசியாத கிருமி, தெருவுக்கு எத்தனை பேர் தூக்க மாத்திரை போடுகிறார்கள் என்பது வரைக்கும் அதே பாட்டிலில் பார்க்கிறார்களாம். லிஃப்டில் நாலு மாடி ஏறுவதற்குள் இத்தனையும் சொல்லி முடித்துவிடுவார்.

"மார்க்கெட் பக்கம் ஃப்ளூ ஏறுது சார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ரொம்பிடும் பாருங்க" என்பார். ரொம்பும். நாங்கள் வாயைப் பிளப்போம்.

பத்து இடங்களில் பெட்டி வைத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க, நோயே இல்லாத இடம் ஒன்று வேண்டுமே? "எங்க பில்டிங்கையே வெச்சுக்கலாம். பன்னிரண்டு வீடும் எனக்குத் தெரியும். யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று ஆய்வுக்கூடத்தில் உத்தரவாதம் கொடுத்தார். மூன்று மாதம் எங்கள் கோடு பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கோடு எழுந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நின்றேவிட்டது. ஃப்ளூ.

மற்ற நேரமாக இருந்தால் அவர் குதித்திருப்பார். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய மகள், பிறந்து இருபது நாளான குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முதல் பேத்தி. மகளோ அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். "கோடு இறங்கினாதான்பா வருவேன். ஆளை நம்பாதே, கோட்டை நம்புன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் முதலில் பெட்டியைச் சந்தேகப்பட்டார், மாற்றினார்கள். ரசாயனத்தைச் சந்தேகப்பட்டார், அதையும் மாற்றினார்கள். பிறகு எங்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் என்றைக்குமில்லாத பாசத்தோடு கை குலுக்கி, சூடு தெரிகிறதா என்று அரை நிமிஷம் கையை விடாமல் பிடித்திருந்து, கதவோரம் காதை வைத்து இருமல் கேட்கிறதா என்று பார்த்து, என்னையும் நிறுத்தி, "ஆ காட்டுங்க" என்றார். காட்டினேன். என் வாய்க்கு நேராக ஒரு தும்மல் போட்டார். "தூசி" என்றார்.

நடுவில் திங்களும் செவ்வாயும் வெளியூரில் ஒரு கருத்தரங்கு. வியாதியை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி என்று இவர்தான் பேச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னை இரண்டாவது முறை விசாரிக்கத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அப்போது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற பெண் காகிதமும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் நம்ம கோடு சுத்தமா படுத்துடுச்சு. புதன்கிழமை திரும்ப ஏறிடுச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் ஊர்ல இல்லாதப்பதான் நீங்கல்லாம் மெஷினை ஒழுங்கா பாத்துக்கறீங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "அந்த ரெண்டு நாளும் நீங்க தங்கியிருந்த ஊர்ல ஒரு பெட்டி வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரின் மனைவி சிரிக்கவில்லை. உள்ளே போய் தெர்மாமீட்டரை எடுத்து வந்து அவர் வாயில் செருகினார். நூற்றொன்று.

"தெர்மாமீட்டர் பழசு" என்றார் டாக்டர்.

"ஒரு வாரமா தலையால அடிச்சுக்கறேன். பெண்டாட்டி சொன்னா தூசி. சாக்கடை சொன்னாதான் நம்புவீங்க. இப்ப அதுவும் சொல்லிடுச்சு, இனிமே யார் வந்து சொல்லணும்?"

அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் அடித்தது. வீடியோவில் மகள், மடியில் குழந்தை, உள்ளங்கை அகல முகத்தோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, கோடு என்ன சொல்லுது? நாளைக்குக் கிளம்பட்டுமா?"

கோடு அவர் கையில்தான் இருந்தது. இறங்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே பேத்தி மடியில். அவர் காகிதத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"வராதம்மா."

"ஏன்பா? யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தாம்மா."

அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் தனக்கு உடம்பு சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்போது அவர் கண் கலங்கியதற்குத் தூசி காரணமில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது.

அன்றைக்கே முகக்கவசம் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோடு தினமும் இறங்கியது. பத்து நாளில் டாக்டர் எழுந்து நடமாடினார், சோதித்துப் பார்த்ததில் அவருக்கு ஒன்றுமில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை. ஆனால் கோடு முழுசாகப் படுக்கவில்லை. ஓரத்தில் எறும்புப் புற்று அளவுக்கு ஒரு மேடு அப்படியே நின்றது.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்கப்பா" என்றாள் மகள். இதற்கு மேல் காத்திருக்க அவளாலும் முடியவில்லை. வருகிறேன், ஆனால் அந்த ஒருத்தர் யாரோ, அவர் மட்டும் குழந்தை பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டாள்.

மாடிப்படியில் கூட்டம் போட்டோம். எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சத்தியம் செய்யாத குறை. எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான்தான். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வகையை அந்த வகைக்குத் தெரியாதா?

அந்த வார வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றது. கட்டடமே கீழே இறங்கி நின்றது. டாக்டர் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்ற நிற்பை நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவருடைய மனைவி அண்ணாந்து, "என்னண்ணா, நீங்க வரல?" என்றார்.

"இங்கேருந்தே நல்லா தெரியுதும்மா. எனக்கு ஒண்ணுமில்ல, லேசா தூசி" என்றேன்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கிறபோது நடுவில் இரண்டு தடவை இருமினீர்களே, அது என்ன? உங்கள் தெருமுனை மேன்ஹோலை எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கும்.