நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் ஆனால்காரரும்

வாசகரே, உங்கள் தெருவில் இவர் நிச்சயம் இருப்பார். இல்லையென்றால் உங்கள் தெருவில் இன்னும் யாரும் குடிவரவில்லை என்று பொருள். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆனால்காரர். 'புத்தகத்தைத் தடை செய்!' என்று கத்துகிறவர் வேறு இனம். அவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு ஒதுங்கிவிடலாம். ஆனால்காரரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அவர் நம் பக்கத்து நாற்காலியில், நம்மைவிடப் பலமாக, சுதந்திரத்துக்குக் கைதட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? மூக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். "எழுத்தாளன் என்ன வேணும்னாலும் எழுதலாம், அது அவன் உரிமை" என்று சொல்லும்போது கண்ணாடி மூக்கில் இருக்கும். அப்புறம் அதைக் கழற்றுவார், சட்டை நுனியால் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திருப்தியில்லாமல் மறுபடி துடைப்பார். தப்பிக்க நினைக்கும் எழுத்தாளனுக்கு அவ்வளவுதான் நேரம். கண்ணாடி மூக்குக்குத் திரும்பியதும் அந்தச் சொல் வந்துவிடும்.

ஆனால்.

எங்கள் பகுதி ஆனால்காரர் கண்ணாடிக் கடையே வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் படிப்பது இவர் போட்டுக் கொடுத்த கண்ணாடியால்தான். அதனால் அவர்கள் எதைப் படிக்கலாம் என்பதிலும் தமக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறார். எங்கள் நூலகக் கமிட்டிக்குத் தலைவரும் இவர்தான். நானும் அதில் ஓர் உறுப்பினன்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண்மணி ஒருவர், பதினோரு வருஷம் உழைத்து ஒரு நாவல் எழுதினார். மேலதிகாரி நோயாளிகளின் ரிப்போர்ட்டை மாற்றி எழுதுவதைக் கண்டுபிடிக்கும் ஒரு நர்ஸின் கதை. வெளிவந்த மூன்றாம் வாரம் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் கிளம்பியது. 'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பெரியவர்களை இழிவுபடுத்துகிறது. மேற்கோள் காட்டவே கை கூசுகிறது.' பதிப்பாளருக்கு ஒரு நகல் போனது. அவர் மிச்சப் பிரதிகளைக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டு, போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். இன்னொரு நகல் எங்கள் நூலகத்துக்கு வந்தது. ஊர் படிப்பதற்கென்று மிஞ்சியிருந்தது அந்த நூலகப் பிரதி ஒன்றுதான். எழுதியவரிடம் வீட்டில் ஒன்று இருக்கிறது, உண்மைதான். தான் எழுதியதைத் தானே படிப்பதற்கா ஒரு மனுஷி பதினோரு வருஷம் எழுதுவாள்?

புகாருக்குள்ளான புத்தகம் இரும்பு பீரோவுக்குள் போய்விடும். முடிவு தெரியும்வரை யாருக்கும் தரக் கூடாது. இது எங்கள் நூலக விதி. கமிட்டி கூடியது. எழுதியவரையும் கூப்பிட்டிருந்தோம், சுதந்திரம் பாருங்கள்.

"புத்தகத்தைப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டார் அவர்.

"படிக்கலைம்மா. படிச்சா நடுநிலை போயிடும்" என்றார் ஆனால்காரர்.

"அந்த ஒரு பக்கத்தையாவது?"

நூலகர் பீரோ சாவியைப் பார்த்தபடி சொன்னார்: "விசாரணையில இருக்கிற புத்தகத்தை யாருக்கும் தரக் கூடாதும்மா. கமிட்டியும் 'யாருக்கும்'ல அடக்கம்."

ஆனால்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"தங்கச்சி, உன் உரிமைக்காக நான் எந்த மேடையிலும் பேசுவேன். ஆனால், அந்த ஒரு பக்கம் மட்டும்..."

"அதைக் கிழிச்சா கதை நொண்டிடும் சார்."

"ஐயையோ, கிழிக்கிறதா! யார் கிழிக்கச் சொன்னா? அதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். தாள் அங்கேயேதான் இருக்கும். அடுத்த தாளோட சேர்த்து ரெண்டு பின். முடிஞ்சுது."

கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. தடையும் இல்லை, தலைவலியும் இல்லை, ஒரு ஸ்டேப்ளர் போதும்! உடனே மருந்துக் கடைக்காரர் எழுந்தார்.

"அப்படியே மருந்துக் கடை வர்ற இடத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க."

"மருந்துக் கடை வருதா என்ன?"

"ஆஸ்பத்திரிக் கதை சார். வராமயா இருக்கும்?"

நியாயம்தானே? டிரைவிங் ஸ்கூல் முதலாளி, ஆம்புலன்ஸ் வரும் பக்கங்களில் டிரைவர்களின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், குறிப்பாக எதுவும் இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று, எண்பதிலிருந்து தொண்ணூறுவரை கேட்டார். பீரோவைத் திறந்து நூலகரே பின் அடித்தார். பாதியில் பின் தீர்ந்துபோய் இன்னொரு டப்பா வந்தது. முடிவில் புத்தகம் ஒரு பக்கம் வீங்கி, பல்வலிக்காரர் கன்னம்போல இருந்தது. 'இந்நூல் எவ்விதத் தடையுமின்றி வாசகர்களுக்குக் கிடைக்கும்' என்ற தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கினோம். நானும்தான். மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லித்தான் தூக்கினேன் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

"உனக்குச் சந்தோஷம்தானேம்மா?" என்றார் ஆனால்காரர்.

"நானும் தினமும் ஊசி குத்துறவதான் சார்" என்றார் அவர். "குத்துறதுக்கு முன்னாடி வலிக்கும்னு சொல்லிடுவேன். வலிக்கலைன்னு அவங்களையே சொல்லச் சொல்றதில்லை."

இது நன்றியுரையாகக் குறிப்பேட்டில் பதிவானது.

அதுவரை இரண்டே பேர் இரவல் வாங்கியிருந்த நாவல் அது. பின் அடித்த பிறகு? வரிசை வாசலைத் தாண்டியது. நாவல் என்றாலே கொட்டாவி விடுகிறவர்களெல்லாம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நூலகர் தம் மேஜையில் பின் பிடுங்கும் இடுக்கி ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு காலி தீப்பெட்டி வைத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. புத்தகம் வாரா வாரம் இளைத்தது, தீப்பெட்டி கனத்தது.

ஒருநாள் ஆனால்காரரின் மனைவி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் கார்டில்தான் போயிருந்தது.

"எப்படி இருந்துச்சும்மா?" என்றார் நூலகர்.

"யாருக்குத் தெரியும்? அவர்தான் ரெண்டு நாளா கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சார். என் முறை இன்னும் வரலை. என் பேரை மறுபடி எழுதிக்கோங்க."

அடுத்த கூட்டத்தில் ஆனால்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார். அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், உண்மையை வெளியே சொல்லிவிடத் துடிக்கும் நர்ஸை அவளுடைய மாமா உட்கார வைத்துப் பேசுகிறார்: "பேசறதுக்கு உனக்கு எல்லா உரிமையும் இருக்கும்மா. ஆனா இப்ப வேண்டாம்." அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

"இதுக்கா பின் அடிச்சோம்?" என்றார் ஆனால்காரர், குரல் தழுதழுக்க. "மொத்தப் புத்தகத்துலயும் உருப்படியா பேசுற ஆள் அந்த மாமா ஒருத்தர்தான். எவ்வளவு பக்குவம்! எங்கேயோ பார்த்த மனுஷன் மாதிரியே இருக்கு."

எழுதியவரையும் அன்று கூப்பிட்டிருந்தோம். அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊசி கையில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது அவர் தொழில் பழக்கம்.

நூற்றுப் பன்னிரண்டுக்கு மட்டும் விடுதலை என்று தீர்மானம் நிறைவேறியது. மற்றப் பக்கங்கள் பரிசீலனையில் இருக்கும். 'ஆணைப்படி பின் அகற்றப்பட்டது' என்று நூலகர் பவ்யமாக எழுதிக்கொண்டார். புத்தகத்தில் ஒரு பின்கூட மிச்சமில்லை என்பதைக் கமிட்டிக்குச் சொல்லும் விதி எதுவும் நூலகத்தில் இல்லை.

இவ்வளவுதான் வாசகரே. பொறுமையாகப் படித்தீர்கள், நன்றி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றினால் சந்தோஷம். அதற்குப் பின்னால் இன்னொரு சொல் தொண்டைவரை வந்து நிற்கிறதோ?

அதைச் சொல்வதற்கு முன், உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். கண்ணாடியிலா?