தகரத்தாரின் முள்ளில்லாத மீன்

பிள்ளைகள் மேல் அத்தனை ஆசை வைத்து, அத்தனை பிள்ளைகளின் இரத்தத்தையும் பார்த்த மனிதர் எங்கள் தகரத்தாரைப் போல இந்த முல்லைத்தீவுக் கரையில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை. எங்கள் தெருவில் என் வயதில் மிஞ்சியிருக்கிற யாரையாவது பிடித்துக் கையை விரித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு விரலில் வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும். தூண்டில் கிழித்தது, வலைக்கயிறு அறுத்தது என்று சொன்னால் நம்ப வேண்டாம். தகரத்தார் தந்த விளையாட்டுச் சாமான் வெட்டியது.

கரையை விட்டு உள்ளே வயல் ஊர்ப் பக்கம் போய் அவரைப் பற்றிக் கேட்டால், "ஓ, அந்தத் தகரம் அடிக்கிற விசரனோ?" என்று நெற்றிக்கு நேரே விரலைச் சுழற்றிச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் அடித்தார் என்பது எனக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க நேரம் எடுக்கும். அவசரம் உள்ளவர்கள் இதே பத்திரிகையின் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம்.

அவருடைய தொழில் ஓட்டை அடைப்பது. வாளி, மண்ணெண்ணெய்க் கலன், பெற்றோமக்ஸ் விளக்கு எல்லாவற்றுக்கும் ஈயம் உருக்கி ஒட்டுப் போடுவார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. அவர் மனைவியே "தகரத்தார், சோறு போடட்டோ?" என்றுதான் கூப்பிடுவா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவர் எங்கள் மேல் தீர்த்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மழை இருட்டில் கரை தெரியாமல் வள்ளங்கள் தத்தளிக்கும்போது, கடற்கரையில் நின்று தகரம் அடிப்பார். இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு அடி. கரை இந்தப் பக்கம், திரும்பி வா என்று அதற்கு அர்த்தம். என் அப்பா எத்தனையோ தடவை அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தவர்.

வருசம் முழுக்க மிஞ்சுகிற தகரத்தை வெட்டி வளைத்து, மார்கழியில் யேசு பிறந்த நத்தாருக்குத் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சாமான் தருவார். மற்றத் தெருக்களில் தாய்மார் பலகாரம் சுட்டுவிட்டுப் பூசைக்குப் போவார்கள். எங்கள் தெருத் தாய்மார் பலகாரமும் சுட்டு, பழைய வேட்டியைக் கீலம் கீலமாகக் கிழித்து, நல்லெண்ணெயில் மஞ்சளும் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் போவார்கள். பால்பேணித் தகரத்தில் செய்த லொறி முழங்காலைக் கிழிக்கும். குடைக்கம்பியில் செய்த துவக்குக்குள் தீக்குச்சி மருந்தை அடைத்து இழுத்தால், அது முன்பக்கம் வெடிக்குமா பின்பக்கம் வெடிக்குமா என்பது மாதாவுக்கு மட்டும் தெரியும்.

ஒரு வருசம் வண்டில் சில்லு ஒன்றைப் பனங்குற்றியின் மேல் படுக்கவைத்து ராட்டினம் செய்தார். ஏறிய பிள்ளை இறங்குவதில்லை, பறக்கும். தகவல் போய் மாதா கோயில் சுவாமியார் வந்தார்.

"இது பாவம் தகரத்தார். பிள்ளையள் சாகப்போகுதுகள்."

"ஒருக்கா ஏறிப் பாத்திட்டு ஏசுங்கோ, சுவாமி."

சுவாமியார் ஏறினார். அங்கியோடு போய்க் களப்புச் சேற்றில் விழுந்தார். அடுத்த ஞாயிறு அவர் நரகத்தைப் பற்றி வைத்த பிரசங்கத்தில் இருந்த உருக்கம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு மீன். தகர மீன், அடியில் நான்கு சில்லு, முதுகில் நிமிர்ந்த செட்டை. கையில் வாங்கிய உடனேயே அது என் பெருவிரலை எலும்புவரை திறந்துவிட்டது. அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அவர் கொட்டிலுக்குப் போனா.

"தகரத்தார், பிள்ளையின்ர கையைப் பாருங்கோ!"

அவர் கையைப் பார்த்தார். பிறகு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீன் எண்டா முள்ளு இருக்கும்தானே, பிள்ளை. முள்ளில்லாத மீன் எந்தக் கடலில கிடக்கு?"

அம்மா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. நான் மட்டும் இரத்தம் ஒழுகின கையோடு மீனை விடாமல் நின்றேன். அதை விட வடிவான சாமானை நான் அதுவரை கண்டதில்லை.

சிரித்தது போதும். இனி வருவதில் சிரிக்கக் கொஞ்சம்தான் இருக்கிறது.

தகரத்தாரின் மனைவியை, ஒரு நத்தாருக்கு மறுநாள் கடல் ஏறி வந்த காலை கொண்டுபோனது. என் தங்கச்சியையும் அவள் புருசனையும் கடைசிச் சண்டை கொண்டுபோனது. அவர்களின் மகள் நிரோசா என் கையில் மிஞ்சினாள். முகாமில் இருந்து எங்களை ஊருக்கு விட்டபோது எல்லோருக்கும் கூரை போடத் தகரம் தந்தார்கள். "பாத்தியளோ, கடைசியில எல்லாரும் என்ர வழிக்குத்தான் வந்திட்டியள்" என்று தகரத்தார் சொன்னார். கிழவராகிவிட்டார். ஒரு கால் சரியாக ஊன்ற ஏலாது. ஆனால் தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலை மட்டும் எல்லா ஓட்டத்திலும் இடுப்பில் செருகிக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

தெருவையும் வீட்டு வளவுகளையும் கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் துப்புரவாக்கித் தந்திருந்தார்கள். அதற்கு அங்கால், பற்றைக் காட்டின் ஓரம் முழுக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். பிள்ளைகளுக்கோ விளையாட ஒரு பந்துகூட இல்லை. மினுங்குகிறது எதைக் கண்டாலும் கை போகும். பள்ளிக்கூடத்துக்குப் படங்கள் கொண்டுவந்து காட்டி, தொடாதே என்று படிப்பித்தார்கள். படத்தில் பார்த்த பிறகு பிள்ளைகளுக்கு நேரில் பார்க்க ஆசை வந்தது.

தகரத்தார் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது காயம் வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

"ஒண்டையும் தொடப்படாது. கண்டா எனக்கு வந்து சொல்லுங்கோ. சொல்லுற பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான்."

நான் சொன்னேன்: "வெடியில தப்பினாலும் உங்கட சாமானில தப்பாதுகள், தகரத்தார்."

"இப்ப வெட்டாது தங்கச்சி." செய்துகொண்டிருந்த லொறியைத் தூக்கி அதன் விளிம்பைத் தன் கீழ் உதட்டில் இழுத்துக் காட்டினார். விளிம்பை உள்ளே மடித்துத் தட்டியிருந்தார். "சொண்டில வெட்டாட்டி ஒரு இடமும் வெட்டாது."

முதலில் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளை வந்து சொல்லும். அவர் நொண்டி நொண்டிப் போய்த் தூரத்தில் நின்று பார்த்து, சிவப்புத் துணி கட்டிய தடியை நட்டுவிட்டு, கண்ணிவெடி ஆட்களுக்குச் சொல்லியனுப்புவார். பிள்ளைக்கு லொறி. அதைக் கண்டு மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவன் கோழிக்கூட்டுக்குள் கண்டதாகச் சொன்னான். ஒருத்தி கோயில் மணிக்கூண்டில் கண்டதாகச் சொன்னாள். இன்னொருவன் கணக்கு வாத்தியாரின் கதிரைக்குக் கீழே இருக்கிறது, கெதியாக வாருங்கள் என்றான். கிழவர் எல்லா இடத்துக்கும் தடியோடு போய், வெறும் தடியோடு திரும்பி வந்தார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"பொய்க்காரக் கூட்டம்! இனிக் கண்ணால காணாம நான் ஒருத்தரையும் நம்பமாட்டன். சாமானும் இல்லை!"

நிரோசா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அவள் உண்மையாகவே ஒன்றைக் கண்டு, அவரிடம் சொல்லவும் போயிருந்தாள். பொய்க்காரி என்ற பட்டம் அவளுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொறுக்காது.

மறுநாள் நான் வாளி ஒட்டுவிக்க அவர் கொட்டிலில் இருந்தேன். நிரோசா வந்தாள். சட்டையின் முன்பக்கத்தை மடித்துத் தூக்கிப் பிடித்திருந்தாள், மாங்காய் பொறுக்கி வருகிற மாதிரி.

"அப்பு, நீங்கள் நம்பமாட்டன் எண்டனீங்கள். உங்களுக்குக் கால் ஏலாதுதானே. அதான் நானே கொண்டந்தனான்."

மடிக்குள் ஒரு சின்ன உருண்டை. அதில் ஒரு துண்டு நாடா தொங்கியது. வடிவாகத்தான் இருந்தது.

தகரத்தார் கத்தவில்லை. சிரித்தார்.

"அட, வடிவான சாமான். அசையாமல் நில்லு மோனை, படம் பிடிக்கேக்க நிக்கிற மாதிரி. அப்பு எடுக்கிறன்." என் பக்கம் திரும்பாமலே, "தங்கச்சி, நீ எழும்பி அங்கால போ" என்றார்.

"நான் போகேல்லை. என்ர பிள்ளை இது."

"உன்ர கொம்மாவும் இப்பிடித்தான், சொல்வழி கேளா."

வெட்டும் ஈயச் சூடுமாகத் தோல் தடித்த அந்தக் கைகள் இரண்டும் மடிக்குள் போய் உருண்டையோடு வெளியே வந்தன. கொஞ்சமும் நடுங்கவில்லை.

"என்ர சாமான்?" என்றாள் நிரோசா. "எனக்கு மீன் வேணும். பெரியம்மாக்குக் குடுத்த மாதிரி."

"தாறன். ஓடிப்போய்க் கிணத்தடியில நில்லு. திரும்பிப் பாத்தா மீன் இல்லை."

அவள் ஓடினாள். அவர் சண்டைக்காலத்தில் பதுங்க வெட்டின பழைய பங்கர் குழியைப் பார்த்து நடந்தார், அந்த நொண்டிக் காலோடு, கையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. எதிரே வந்த ஒரு மீன்காரன் சைக்கிளில் இருந்தபடியே கேட்டான்:

"என்ன தகரத்தார், கையில முட்டையோ?"

"ஓம். குஞ்சு பொரிக்கப் போகுது. ஓடு!"

எட்டிப் பார்த்த மீன்காரன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். கோயில் வாசலில்தான் போய் நின்றான்.

அது வெடிக்கவில்லை. குழிக்குள் வைத்துவிட்டு வந்தார். பின்னேரம் கண்ணிவெடி ஆட்கள் மண்மூட்டை அடுக்கி அதை வெடிக்க வைத்தார்கள். தெருவில் இருந்த எல்லாக் கூரைத் தகரமும் ஒரேயடியாக அதிர்ந்தது. அப்போதுதான் தகரத்தாரின் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு அது நிற்கவேயில்லை. செய்து வைத்திருந்த லொறி, வள்ளம், குருவி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுச் சுத்தியலால் தட்டையாக்கினார். பிள்ளைகள் சுற்றி நின்று குழறி அழுதார்கள்.

"இனிச் சாமான் இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. போங்கோ!"

எங்கள் தெருவில் அதோடு முடிந்தது. ஆனால் கரையில் ஒரு கிழவர் சாமான் தருகிறார் என்ற கதை, மீன்காரர்களின் சைக்கிளில் ஏறி வயல் ஊர்களுக்கு முதலே போய்விட்டிருந்தது. சாமான் இல்லை என்ற கதையை ஏற்றிப்போக ஒரு சைக்கிளும் அவசரப்படவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன், வற்றாப்பளைக்கு அங்கால் ஒரு வயல் ஊரில் இருந்து ஒரு பெடியன் எங்கள் கரையைப் பார்த்து நடந்து வந்திருக்கிறான். தான் கண்டெடுத்ததைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்திருந்திருக்கிறான். பாதி வழிகூட வரவில்லை.

செத்த வீட்டுக்குத் தகரத்தாரோடு நானும் போனேன். பெட்டி மூடியே இருந்தது. தாய் எங்களைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

"தகரத்தார் எண்டுறது நீங்களோ, அப்பு?"

"ஓம், பிள்ளை."

"உங்களிட்டத்தான் வந்தவன்."

ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, "இருங்கோ" என்றாள். தகரத்தார் கதிரையின் முதுகைப் பிடித்தபடி, பெட்டி எடுக்கும்வரை நின்றார். இருக்கவில்லை.

அடுத்த நாள் விடிய எண்ணெய்ப் பேணி ஒன்றைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வயல் ஊர்களுக்குப் போகிற றோட்டில் இறங்கினார். இரண்டு அடி, இடைவெளி, இரண்டு அடி.

"தகரத்தாரிட்டச் சாமான் இல்லை! ஒருத்தரும் ஒண்டும் கொண்டுவர வேண்டாம்! சாமான் இல்லை!"

வயல்காரருக்கு அந்த அடியின் அர்த்தம் தெரியாது. அது வள்ளத்துக்குக் கரை காட்டுகிற அடி என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஒரு மனுசி வேலிக்கு மேலால் கத்தினா:

"அப்பு, எங்கட மாடு வெருளுது!"

"மாடு விளையாட்டுச் சாமானுக்கு ஆசைப்படாது. உன்ர பிள்ளையைக் கூப்பிடு, சொல்லவேணும்."

வருசக்கணக்காக நடந்தார். ஜெயபுரம் பக்கம் அவரைக் கண்டதாகச் சொன்னார்கள். ஓமந்தைக்கு பஸ் ஏறப் போனபோது கொண்டக்டர், "அப்பு, ரிக்கெற்றுக்கு ஆள் ஏறலாம், பேணி ஏறேலாது" என்று சொல்ல, பேணியை விட மனமில்லாமல் இறங்கி நடந்தாராம். அவரைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, "என்ன சாமான் இல்லை, அப்பு?" என்று கேட்கும். நின்று, முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்லுவார். அப்படித்தான் விசரன் என்ற பெயர் வந்தது.

ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன்: "கதையே போகாத ஊருக்கும் போய் ஏன் கத்துறியள்?"

"கதை எதுமட்டும் போனதெண்டு உனக்குத் தெரியுமோ, தங்கச்சி?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவருடைய கடைசி நத்தாருக்குப் பூசை முடிந்து நாங்கள் வந்தபோது வாசலில் நின்றார். நிரோசா அப்போது பெரிய வகுப்புப் படிக்கிற பெட்டை, விளையாட்டுச் சாமான் வயது எப்போதோ போய்விட்டது. நடுங்குகிற கையால் ஒரு தகர மீனை அவளிடம் நீட்டினார். ஈயம் அங்கங்கே வழிந்திருந்தது. ஒரு சில்லு கோணல்.

"பிந்திப்போச்சு, மோனை."

அவள் அதை வாங்கி, செட்டையைத் தன் கீழ்ச் சொண்டில் மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

"வெட்டேல்லை, அப்பு."

"முள்ளெடுத்திட்டன்" என்றார்.

பெரிய வெள்ளிக்கு முன்னரே போய்விட்டார்.

நிரோசா இப்போது வவுனியாவில் வேலை பார்க்கிறாள். மீனையும் கொண்டுபோய்விட்டாள். அவளுடைய பத்து விரலிலும் ஒரு கீறல் இல்லை. எனக்குத் தந்த மீனை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. பிறகு வீடும் அலுமாரியும் அப்பாவின் வள்ளமும் தங்கச்சியும் போய், பெருவிரலில் இந்த வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. மழை இருட்டினால் அது கடுக்கும். கடுக்கட்டும் என்று தடவிக்கொண்டு இருப்பேன்.