மாமாவின் துண்டும் மிளகின் வயிறும்

தென்காசி,
13-8-1958

பாசமுள்ள பால்வண்ணநாதன் மாமா அவர்களுக்கு, அகிலாண்டேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் அனைவரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். நலமில்லாதது எங்கள் நாய்க்குட்டி மிளகு மட்டும்தான். சாப்பாட்டை முடித்துவிட்டு மேலே படிக்கவும்.

சாரலுக்கு வந்து பத்து நாள் தங்கினீர்களே, தினமும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்வீர்கள். அப்போது மிளகு உங்கள் கால்களை முழங்கால் வரை நக்கியதை நீங்கள் அறியமாட்டீர்கள். அருவியில் எண்ணெய் போகாதா என்பீர்கள். உங்கள் கால்களில் போகவில்லை. நீங்கள் வந்த மூன்றாம் நாள் அதற்கு மலம் இளகியது. ஐந்தாம் நாள் கஞ்சியாகவே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரயிலேறிய பிறகும் நிற்கவில்லை. பார்த்தால், நீங்கள் மறந்துவிட்டுப் போன எண்ணெய்த் துண்டைக் கொடியிலிருந்து இழுத்துப்போட்டு அதன்மேல் படுத்திருக்கிறது. அப்பா வாசலில் நின்று, "ஏட்டி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா, பாவூர்சத்திரத்துல வாங்கின எடத்துலயே கொண்டு விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். இன்று புதன்.

நான் படித்த கதைகளில் நாய்கள் எஜமானைத் தீயிலிருந்து காப்பாற்றுகின்றன. ஒன்றுக்காவது வயிறு சரியில்லாமல் போனதாக எவரும் எழுதவில்லை. நான் காலையில் குச்சியும் கையுமாகப் பின்கட்டில் குனிந்து நின்று, நிறம் என்ன, பதம் என்ன என்று பார்க்கிறேன். நான் வாய்விட்டுப் படிப்பதைக் கடைசிவரை கேட்கிற ஒரே உயிர் அது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பொறுக்கமுடியாமல் நேற்று மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் செல்லச்சாமி அண்ணாச்சி, "என்ன தின்னுச்சு?" என்றார்.

"மாமாவோட காலை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கடிச்சுதா, நக்குச்சுதா?"

விவரம் சொன்னேன். "பால் ஊத்துதியாம்மா?" என்றார். ஒரு சொட்டுகூட இல்லை என்றேன், பெருமையாக.

"ஊத்திராத. பசும்பாலு குட்டிக்கு ஆகாது. ரத்தம் கண்டா, வாந்தி எடுத்தா, தீனி எடுக்காம சுருண்டு படுத்தா, உடனே தூக்கிட்டு ஓடியா. இது என் செருப்பைல்லா தின்னுக்கிட்டிருக்கு! பொழச்சுக்கிடும். கஞ்சியும் தண்ணியும் குடு, போதும்."

அவர் செருப்பைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, மனம் லேசாகி வந்தேன். ஆகவே மாமா, துண்டை மூன்று முறை சீயக்காய் போட்டு அலசிப் பார்சலில் அனுப்புகிறேன். அடுத்த சாரலுக்கு அவசியம் வரவேண்டும். வரும்போது தயவுசெய்து காலையும் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு வரவேண்டும். அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கும், முடிந்தால் மிளகின் வயிற்றுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
அகிலாண்டேஸ்வரி

பின்குறிப்பு: வியாழன் காலை. கடிதத்தை ஒட்ட வேப்பம்பிசின் எடுக்கத் தொழுவத்துப் பக்கம் போனேன். மாமா, உங்கள் கால்கள் குற்றமற்றவை. என்னை மன்னிக்க வேண்டும். துண்டை மிளகே வைத்துக்கொள்ளட்டும். தொழுவத்தில் மிளகின் முன்னால் அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, தம் காப்பிக்கு எடுத்துவைத்த பாலைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு நாளா ஊத்துதேன், இன்னும் தெம்பு வரலியேலே. வெரசாக் குடி. அவ பாத்தான்னா என்னையல்லா பாவூர்சத்திரத்துல கொண்டு விட்டுருவா!"