அரைப்படக்காரர்

தன் தங்கைக்கு அவர் இருபத்தைந்து காசு பாக்கி. சினிமா டிக்கெட்டில் பாதி விலை. பாக்கி வைத்து ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

அரைப்படக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்வார். மேல்வீட்டுச் சண்டையை மாடிப்படி இறங்குகிற நேரத்துக்கு மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, தப்பு யார் பேரில் என்பதை வாசலுக்கு வந்ததும் அறிவித்துவிடுவார். புது மிக்சி வாங்கினால் அதனுடன் வந்த தாளில் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெரியும், சுவிட்சைப் போடு" என்பார். மூடி பறக்கும். அதற்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். முழுக்கத் தெரிந்தவர் பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். பாதி தெரிந்தவருக்கு அந்தத் தொல்லை ஏது?

இந்த இனத்தின் தலைமகன் நம் குழாய்க்கடைக்காரர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். சைக்கிள் கேரியரில் குழாய்களைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து, அடைத்துக்கொண்ட தொட்டிகளில் தோள்வரை கைவிட்டு, அப்படிச் சேர்த்த காசில் ஒரு கடை வைத்து, ஒன்றை மூன்றாக்கி, இன்று கணக்கில் பட்டம் வாங்கிய இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். சும்மா வருமா? மூன்று கடையிலும் கல்லாப்பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: "நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. நீங்களும் வைக்காதீர்கள்." கடன் கேட்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, ஒரு வாஷர் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

குழாயை விட்டால் அவருக்குப் பேச்சு ஒன்றுதான். சின்ன வயதில் போன தெருக்கோடிக் கொட்டகை.

"இப்ப இருக்கறதெல்லாம் தியேட்டரா? ஐஸ்பெட்டிக்குள்ள உட்கார வெச்சுப் பூட்டிடறான். எங்க கொட்டகைக்கு வந்திருக்கணும்! தகரக் கூரை. மழை பெஞ்சா கதாநாயகன் பேசறது கேக்காது, நாங்களே பேசிக்குவோம். ரீல் அறுந்தா விசில். ஒட்டினா அதுக்கும் ஒரு விசில். அங்க நான் பாக்காத படமா?"

பிறகு கதை ஆரம்பமாகும். கதாநாயகி எந்த ஜன்னலில் நின்றாள், வில்லன் எந்தக் கையில் சிகரெட் பிடித்தான், பெஞ்சில் எந்த ஆணி துருத்திக்கொண்டிருந்தது, அது யார் கால்சட்டையைக் கிழித்தது, ஒன்றும் விடாது. கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். இடைவேளை வரைதான் அந்த அழகெல்லாம். அதற்குப் பிறகு கதை திடீரென்று ஓட்டம் பிடிக்கும்: "அப்புறம் என்ன? ஒரே அடி. வில்லன் காலி. கல்யாணம். சுபம்." முந்நூறு படத்துக்கும் இதே முடிவு. முப்பது வருஷமாக வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சினிமா என்றால் அப்படித்தானே இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுவர் அகலத்துக்கு அவர் வாங்கி மாட்டியிருக்கும் டீவியின் முன்னால் குடும்பமே கூடியிருந்தது. மனைவி, மகள், வங்கியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி. தையற்கடையை மூடிவிட்டுத் தங்கையும் வந்திருந்தாள். மாப்பிள்ளை ரிமோட்டை ஆட்டினார்.

"மாமா, அடிக்கடி சொல்வீங்களே, தபால்காரர் படம்! கிடைச்சிடுச்சு. முழுப் படமும் இருக்கு."

அரைப்படக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. முழுப் படம்.

ஆனாலும் முதல் பாதி அவர் ராஜ்யம். திரைக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வரப்போவதை எல்லாம் ஒரு நிமிஷம் முன்னதாகவே அறிவித்தார். "இப்ப பாரு, கதவு தட்டுவான்." தட்டினான். "பாரு, மில் முதலாளி பணப்பையைத் தபால்காரன் சைக்கிள்ல ஒளிச்சு வைப்பான்." வைத்தான். பேத்தி கை தட்டினாள். தங்கை மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் தடவையாகப் பார்க்கிறவளைப் போலக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓ! அதனாலதான் கடைசிவரைக்கும் கையில கட்டோட வந்தானா?" என்று ஒரு இடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தபால்காரனைச் சிறையில் தள்ளினார்கள். இடைவேளை என்று எழுத்து வந்தது. குழாய்க்கடைக்காரர் எழுந்தார்.

"கிடங்குல சரக்கு இறங்கணும். நீங்க பாருங்க. சிறைச் சுவரை உடைச்சுட்டு வருவான், மில் முதலாளியைக் கொதிகலன்ல தூக்கிப் போட்டுடுவான். கல்யாணம். அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை எந்தச் சரக்குங்க?" என்றாள் மனைவி.

"உட்காரு அண்ணா," என்றாள் தங்கை. "மிச்சத்தையும் பாத்துட்டுப் போ."

உட்கார்ந்தார். வேறு வழி? சுவர் உடையவில்லை. மில் முதலாளி தானாகவே போலீசுக்குப் போய்ப் பணப்பையைப் பற்றிச் சொல்லிவிட்டான். கொதிகலன் பக்கம் யாரும் போகவே இல்லை. கடைசிக் காட்சியில் தபால்காரனின் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்ததே அந்த மில் முதலாளிதான்.

பேத்தி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "தாத்தா, நீங்க சொன்னது வேறயே?"

"வெட்டிட்டாங்கம்மா. அப்ப ஓடினது வேற. இப்ப வர்ற படத்துல எல்லாத்தையும் மாத்திடறாங்க."

"யாரும் மாத்தலை," என்றாள் தங்கை. "அப்பவும் போட்டோதான் எடுத்தான். நான் பாத்தேன். உங்க தாத்தா பாக்கலை. ஒண்ணே ஒண்ணைத் தவிர அவர் எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல பாத்ததில்லை. நான் எதையும் இடைவேளைக்கு முன்னாடி பாத்ததில்லை."

நடந்தது இதுதான். டிக்கெட் ஐம்பது காசு. ஆளுக்கு இருபத்தைந்து போட்டு ஒரே டிக்கெட். அண்ணன் முதல் பாதி பார்ப்பான். இடைவேளையில் வெளியே வந்து, கிழித்த சீட்டைத் தங்கையின் கையில் திணிப்பான். அவள் உள்ளே போவாள். போனது பையன், திரும்பி வந்தது பெண். வாசலில் நின்ற ஆளுக்குச் சீட்டைத்தான் பார்க்கத் தெரியும், முகத்தைப் பார்க்கச் சம்பளம் கொடுக்கவில்லை. அவள் படம் முடிந்து வீட்டுக்கு வருவதற்குள், அண்ணன் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து முழுக் கதையையும் சொல்லி முடித்திருப்பான். மீதியைச் சொந்தமாகக் கட்டித்தான். அப்புறம் அவள் வந்து உண்மையைச் சொன்னால் அவன் கௌரவம் என்னாவது? "உனக்குப் புரியலை, சும்மா இரு" என்று அடக்கிவிடுவான். சொல்லிச் சொல்லி அவன் முடிவே அவனுக்கு உண்மையாகிவிட்டது.

"சரி, ஆளுக்குப் பாதி. இதுல என்ன தப்பு?" என்றார் குழாய்க்கடைக்காரர்.

"கப்பல் படத்தைச் சொல்லு, அண்ணா."

அந்தப் படத்தின் பேச்சை மட்டும் அவர் ஒரு நாளும் எடுத்ததில்லை. இடைவேளையில் கதாநாயகன் பாய்மரத்தில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு தடவை, சுபம் என்ற எழுத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டான். வெளியே ஒன்பது வயதுத் தங்கை தகரச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை.

"வெளிய வந்து என்ன சொன்னே? சீட்டு தொலைஞ்சுபோச்சுன்னே."

"தொலைஞ்சுதான்..."

"நூறு காகிதப் பை ஒட்டினா அஞ்சு காசு. ஐநூறு பை ஒட்டினேன் நான். கையெல்லாம் பசை. குடு என் காசை."

"ஏம்மா, போன வருஷம் உனக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தேனே! உன் மகன் படிப்புக்குக் கட்டினேனே! அதுல இது கழியாதா?"

"அதெல்லாம் நீ குடுத்தது. இது நான் குடுத்தது."

குழாய்க்கடைக்காரர் லட்சத்துக்குக் காசோலை எழுதும்போது கை நடுங்காதவர். இருபத்தைந்து காசுக்கு வேர்த்துவிட்டது. கொடுத்தால் பாக்கி இருந்தது என்று ஆகும். மூன்று கடைப் பலகையும் பொய் என்று ஆகும். பர்சைத் திறந்து பெரிய நோட்டு ஒன்றை நீட்டினார். தங்கை கையை மூடிக்கொண்டாள்.

"இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சு. சில்லறையா."

"அந்தக் காசே இப்ப இல்லையே?"

"இப்ப செல்லுற நாணயத்துல இருபத்தஞ்சு குடு. வட்டி வேண்டாம்."

அவரிடம் சில்லறை கிடையாது. பெரிய மனிதரிடம் எப்படி இருக்கும்? பேத்தி உள்ளே ஓடிப்போய்த் தன் உண்டியலைக் கொண்டுவந்து அவர் மடியில் கவிழ்த்தாள்.

"எப்ப திருப்பித் தருவீங்க, தாத்தா?"

"சாயங்காலம்."

"எழுதிக் குடுங்க," என்றார் வங்கி மாப்பிள்ளை. எழுதிக் கொடுத்தார்.

அவர் நிலைமையைப் பார்த்து நீங்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிக் குதித்து நேராக இங்கே வந்து சேர்ந்திருந்தாலும், நாளைக்கு யாரிடமாவது "படிச்சேன், ஒரு அண்ணன் தங்கச்சி கதை" என்று ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள். முடிவை எப்படிக் கட்டுவீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம்.

தங்கை கையை விரித்து நீட்டினாள். அண்ணன் ஒவ்வொன்றாக வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பன்னிரண்டாவது வந்ததும் மீதியை இரண்டு கையாலும் அள்ளினார்.

"மிச்சம் சரியாத்தான் இருக்கும். வெச்சுக்கோ."

"எண்ணு, அண்ணா."

கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பதிமூன்று, பதினான்கு. பேத்தியும் கூடச் சேர்ந்து எண்ணினாள். இருபத்து மூன்று. இருபத்து நான்கு. கடைசி நாணயத்தை ஒரு நொடி விரலுக்கிடையில் வைத்திருந்தார். பிறகு அதையும் அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"இருபத்தஞ்சு."