எல்லா வேலைக்கும் ஒரே ஆள்

நெருப்பைக் கண்டுபிடித்தவருக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்குமானால், அது வேலை தேடும் வேலையையே கணினியின் தலையில் கட்டிய நம் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை'க்குத்தான் உரியது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பதில் வராது.

பழைய கம்பெனி அவரை 'மறுசீரமைப்பு' செய்து வீட்டுக்கு அனுப்பிச் சில மாதங்களாகிவிட்டன. மனைவியின் அண்ணன் சானிட்டரி சாமான் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். "ஒண்ணாந்தேதிக்குள்ள ஒண்ணும் அமையலைன்னா நம்ம கடைக்கு வந்துடுங்க மாப்ளே. டாய்லெட் செக்ஷன முழுசா உங்ககிட்டயே விட்டுடறேன்" என்று நாலு பேர் முன்னால் வாயாரச் சொல்லிவிட்டார். முதுகலைப் பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே உட்காருவதை மாப்பிள்ளையால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சாதாரண ஆள் என்றால் நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பான். மாப்பிள்ளை சாதாரண ஆளா? யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருந்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு, கணினிக்காரர்கள் பாஷையில் 'நூலகம்', ஒன்றை இறக்கினார். நாலு வரி எழுதிக் கேட்டால் போதும், அது வேலைவாய்ப்பு இணையதளங்களையெல்லாம் துழாவி, பழசு புதுசு பார்க்காமல் விளம்பரங்களை அள்ளி வந்து கொட்டும். கொட்டியதற்கெல்லாம் தானாகவே விண்ணப்பம் அனுப்ப மாப்பிள்ளை மேற்கொண்டு பல நூறு வரி எழுதினார். மூன்று வாரம் ஓடிப்போனது.

"இந்த நேரத்துல கையாலயே அனுப்பியிருக்கலாமேங்க?" என்றாள் மனைவி.

"கையாலயா! அப்புறம் நான் எதுக்குப் படிச்சேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

மேதைகளுக்கு வீட்டில் மதிப்பு கிடையாது. மாப்பிள்ளை பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். சோதனைக்காக 'பதவி' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். காலியாக விட்டால் 'எதுவானாலும் சரி' என்று நூலகம் எடுத்துக்கொள்ளும். இது கையேட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கையேடு படிப்பதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்வது. அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள், வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய நிறுவனம் ஒன்றில் மட்டுமே ஓட்டுநர், சட்ட ஆலோசகர், தலைமை நிர்வாகி, வரவேற்பாளினி, மகப்பேறு விடுப்பில் போனவருக்கு மாற்று என்று சகல பதவிகளுக்கும் விண்ணப்பித்து முடித்திருந்தார்.

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் மறுநாளே அங்கிருந்து போன் வந்துவிட்டது! உடனே நேரில் வரவேண்டுமாம். கண்ணாடி அறைக்குள் மாப்பிள்ளையை உட்காரவைத்து, மனிதவள அதிகாரி அம்மாள் கதவைத் தாழிட்டார்.

"உண்மையச் சொல்லுங்க சார். உங்கள யார் அனுப்பினாங்க?"

"என் பொண்டாட்டிதான் மேடம்."

"விளையாடாதீங்க. எங்க விளம்பரம் மொத்தத்தையும் இதுவரைக்கும் ஒருத்தரும் சேத்துப் பாத்ததில்ல. எல்லாம் உங்ககிட்ட இருக்கா?"

"தேதிவாரியா இருக்கு மேடம். ஓட்டுநர் வேலை மட்டும் மூணு வருஷமா மாசாமாசம் வருது. அத்தனை ஓட்டுநரா வேணும்?"

அம்மாள் முகம் வெளுத்தது. "எங்ககிட்ட காரே இல்ல சார்."

பிறகு குரலைத் தாழ்த்தி, 'நிறுவனக் கொள்கை'யை விளக்கினார். "ஆள் எடுக்குறோம்னு தெரிஞ்சாதான் முதலீடு பண்றவங்க நம்புவாங்க. உள்ள இருக்கறவங்களும் வாசல்ல ஆள் நிக்குதேன்னு பயந்து சம்பளம் ஏத்திக் கேக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க."

"அப்ப ஒரு வேலைகூட இல்லையா மேடம்?" மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. ஒண்ணாந்தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுக்கு மட்டும்தான் நாங்க விளம்பரம் போடல."

அப்படித்தான் மாப்பிள்ளை 'வேலைவாய்ப்பு உருவாக்க மேலாளர்' ஆனார். தனி அறை, சுழல் நாற்காலி, நல்ல சம்பளம். அதே நூலகத்தை வைத்து, எந்தத் தளத்தில் எந்த விளம்பரம் எடுபடுகிறது என்று தேடிப் பார்த்து, அதற்குத் தக்கபடி இல்லாத பதவிகளை இயற்றினார். முன்பு ஓட்டுநர் என்று மொட்டையாக இருந்த விளம்பரத்துக்கே அவர் கை பட்டதும் உயிர் வந்தது. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்துவிட்டது என்று அவருடைய விளம்பரங்களை மட்டும் படிப்பவர்கள் சத்தியமே செய்வார்கள்.

ஒருநாள் சாப்பாட்டின்போது மனைவி முகம் மலரச் சொன்னாள். "உங்க கம்பெனில விற்பனை மேலாளர் வேலைக்கு அண்ணன் போட்டிருக்காருங்க. வியாபாரம் படுத்துடுச்சில்ல? கடைய விக்க இன்னைக்கு முன்பணமும் வாங்கிட்டாரு."

மாப்பிள்ளை கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "வேலை கெடைக்கறதுக்கு முன்னாடியே ஏன்?"

"நேர்மையானவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்னு விளம்பரத்துல இருந்துச்சாம். இப்படி எழுதுற கம்பெனி ஏமாத்தாதுன்னு அடிச்சுச் சொல்றாரு."

அந்த ஒரு வரி, மேலிடத்திலிருந்து யாரும் கேட்காமலேயே, மாப்பிள்ளை சொந்தமாகச் சேர்த்தது.