இடிக்குச் சொன்ன பேர்

"ஐயோ, போயிட்டுது!" என்று கோணேஸ்வரன் கத்தியபோது மனைவி லோஜனா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன போயிட்டுது?"

"வொய்ஸ் மெசேஜ். அருச்சுனனுக்குப் போயிட்டுது."

"நல்லதுதானே. ரெண்டு கிழமையாய் அந்த மன்னிப்பைத்தானே பாடமாக்கினீங்கள்?"

"மன்னிப்பு எங்கை போனது? வாயைத் திறக்க இடி இடிச்சுப்போட்டுது. நான் பயத்தில 'அருச்சுனா, அருச்சுனா' எண்டு கத்த, அமத்திப் பிடிச்ச விரல் விட்டுப்போட்டுது. அந்தக் கத்தல்தான் போயிருக்கு!"

லோஜனா கத்தியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருசத்துக்கு முந்திய வினையும் இதே கத்தல்தான் என்பது அவருக்குத் தெரியும்.

இடி முழங்கினால் அருச்சுனன் பேரைச் சொல்ல வேண்டும், சொன்னால் மின்னல் கிட்ட வராது. கோணேஸ்வரனுக்கு அது பால்குடிப் பருவத்துப் பழக்கம். கோல் காக்கிறவனுக்கும் அதே பேர் இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. இவர் நடுவர். கடலலைக் கழகத்துக்குக் கோல் காக்கிற கோலி அருச்சுனன், இவருக்குக் கூடப்பிறக்காத தம்பி. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் மைதானத்துக்குப் போய் வருவார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம் துறைமுகப் பக்கமாய் வானம் கறுத்து முழங்கியது. அப்போதே விசிலை ஊதி ஆட்டத்தை நிற்பாட்டியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிசம்தானே என்று மனுசன் விட்டுவிட்டார். மைதானத்து மூலைப் பனையில் மின்னல் விழுந்தது. விசில் ஊத வேண்டிய வாய், கண்ணை இறுக மூடிக்கொண்டு "அருச்சுனா, அருச்சுனா" என்றது.

கண்ணைத் திறந்தால் அருச்சுனன் பக்கத்தில் நிற்கிறான். பந்து ஆளில்லாத கோலுக்குள் கிடக்கிறது.

"நீங்கள்தானே அண்ணை கூப்பிட்டனீங்கள்?" என்று அத்தனை சனத்துக்கும் முன்னால் கேட்டான். அதுதான் அவன் இவரோடு கடைசியாகக் கதைத்தது. விசில் ஊதாதபடியால் கோல் கோல்தான். கிண்ணம் மற்றப் பக்கம் போனது. ஒரு உயிர் போகாதது கோணேஸ்வரன் கும்பிட்ட கோணேசரின் புண்ணியம். அதோடு அவர் நடுவர் வேலையை விட்டார். சந்தையில் இவரைக் கண்டால் அருச்சுனன் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவான். வாற வியாழக்கிழமை அவனுக்குக் குடும்பத்தோடு கனடாவுக்குப் பயணம். இனி எங்கே கண்டு எப்போது கேட்பது?

"அதை அழியுங்கோவன்" என்றார் லோஜனா.

"அழிச்சிட்டன்."

லோஜனா போனை வாங்கிப் பார்த்தார். "கெட்டுது குடி! உங்கட போனில மட்டும் அழிச்சிருக்கிறீங்கள். அவரிட்டை அது பத்திரமாய் இருக்கு."

"நக்கலடிக்கிறன் எண்டெல்லோ நினைக்கப்போறான்!"

"நேரில போய்க் கேளுங்கோ. வெறுங்கையோட போகாதேங்கோ."

கோணேஸ்வரன் சந்தையில் தாஹிரின் உடுப்புக் கடையில் நின்று, "கனடாவுக்குப் போறவைக்கு நல்லதாய் ஒண்டு தாரும்" என்றார்.

"குளிர் நாடெல்லோ சேர். இதைக் கொண்டுபோங்க, சந்தோசப்படுவாங்க" என்று தாஹிர் ஒரு பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார்.

உவர்மலையில் அருச்சுனன் வீட்டு வாசலில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தது அருச்சுனன்தான். நீட்டிய பொட்டலத்தை வாங்கிப் பிரித்தான். உள்ளே தடித்த கம்பளிக் கையுறை ஒரு சோடி.

அப்போதுதான் கோணேஸ்வரனுக்கு உறைத்தது. கோல் விட்ட கோலிக்குக் கையுறை!

"ஐயோ தம்பி, இது அதுக்கில்லை! குளிருக்கு..."

பளீரென்று மின்னல் வெட்டியது. அந்தப் பாழாய்ப்போன சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். அடக்கிய அடக்கில் தோள் குலுங்கியது, கண்ணால் தண்ணீர் வந்தது. பார்க்கிறவனுக்கு மனுசன் வயிறு நோகச் சிரிக்கிற மாதிரித்தான் இருந்திருக்கும். இடி இடித்தது. அருச்சுனன் படாரென்று கதவைச் சாத்தினான்.

எல்லாம் போச்சு. கோணேஸ்வரன் மழையில் நனைந்துகொண்டு, சாத்திய கதவைப் பார்த்தே சொன்னார்.

"தம்பி, பிழை என்ரதுதான். நான் விசிலை ஊதியிருக்க வேணும். உன்ரை பேரைச் சொல்லி உன்ரை கிண்ணத்தைக் கெடுத்துப்போட்டன். இருபத்திரண்டு வருசமாய் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லையடா. ஒருக்கால் கதை. ஏசிப்போட்டெண்டாலும் போ."

கதவு திறபடவில்லை. திரும்பி நடக்க, பின்பக்கத்தால் குடையோடு ஒரு பெண் ஓடி வந்தார். அருச்சுனனின் மனைவி பிரசாந்தினி.

"நில்லுங்கோ அண்ணை. மெல்லக் கதையுங்கோ, பிள்ளையளுக்குத் தெரியாது."

"கோவம் இன்னும் தீரேல்லையோ பிள்ளை?"

"கோவமோ? நீங்கள் கூப்பிட முதலே மின்னலுக்குப் பயந்து கோலை விட்டிட்டு ஓடி வந்து உங்களுக்குப் பின்னால ஒளிச்ச மனுசன், பழியை உங்களில போட்ட வெக்கத்திலதான் இவ்வளவு காலமும் உங்கட முகத்தைப் பாக்காமல் திரிஞ்சவர்; இப்பவும் கட்டிலுக்குக் கீழதான் கிடக்கிறார், இடி ஓயட்டும் அண்ணை, இழுத்துக்கொண்டு வாறன்."